'நாட்டோம்': ஓர் உளப்பாட்டுத் தன்மைப் பன்மையின் வரலாறு

விக்கிரமங்கலம் இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகர்ந்ததில்லை. ஆனால் 1995க்கும் 2007க்கும் இடைப்பட்ட பன்னிரண்டு வருஷத்தில் நாலு தடவை மாவட்டம் மாறியிருக்கிறது. 1995வரை திருச்சிராப்பள்ளி. அந்த வருஷத்தில் பெரம்பலூர். 2001 ஜனவரி 1 அன்று அரியலூர். 2002 மார்ச் 31 அன்று அரியலூர் மாவட்டம் என்பதே இல்லை என்றாகி, திரும்பவும் பெரம்பலூர். 2007 நவம்பர் 23 அன்று திரும்பவும் அரியலூர். தி.மு.க. பிரித்தது, அ.தி.மு.க. சேர்த்தது, தி.மு.க. வந்து மறுபடி பிரித்தது என்று இதை இரண்டு கட்சிகளின் மல்லுக்கட்டாகச் சொல்லி முடித்துவிடலாம். டீக்கடையில் அப்படித்தான் சொல்லி முடிக்கிறார்கள், தப்பில்லை. பதினைந்து மாசம் மட்டும் உயிரோடு இருந்த ஒரு மாவட்டத்தைப் பற்றி வேறென்ன சொல்ல?

நான் கேட்க விரும்புவது வேறொன்று. இந்த நாலு தடவையும் ஊர் என்ன பதில் சொன்னது? பதில் சொல்ல அதுக்கு வாய் இருந்ததா? 1995இல் வாயே இல்லை. 1986இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 1991இல் முடிந்து, 1996 வரைக்கும் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை, அதிகாரிகள்தான் ஊராட்சி. 2001, 2002, 2007இல் ஊராட்சி மன்றங்கள் இருந்தன. ஆனால் மாவட்டம் என்பது வருவாய்த்துறையின் சொத்து, ஊராட்சிக்கு அதில் வேலை கிடையாது. கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுக்க அரியலூரோடு நின்றுகொள்ளலாமா, அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் பெரம்பலூர் போக வேண்டுமா என்பது கூலிக்காரப் பொம்பளைக்கு ஒரு நாள் சம்பளப் பிரச்சினை. அரசாணையின் மொழியில் அது 'நிர்வாக வசதி'. யாருடைய வசதி என்று எழுவாய் போட்டு எழுத வேண்டிய கட்டாயம் அந்தச் சொற்றொடருக்கு இல்லை.

இணைப்பு, பிரிப்பு இரண்டுக்கும் முன்னால் ஊரின் சபை என்ன சொன்னது என்பதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க முடியுமா என்று பார்க்கலாம்.

*

பிரதி என்று தேடினால் முதலில் கைக்கு அகப்படுவது செப்பேடு. சோழர் செப்பேடுகளின் தமிழ்ப் பகுதியைப் படித்தவர்களுக்கு அந்த வாய்பாடு மனப்பாடமாக இருக்கும். அரசனின் திருமுகம் நாட்டாருக்கு வருகிறது. நாட்டார் எதிர்கொண்டு போய்த் தொழுது வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு பெண்யானையை நடக்கவிட்டு, அதன் பின்னால் எல்லை சுற்றி வருகிறார்கள். எல்லையில் கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். ஓலை எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். லெய்டன் செப்பேடு என்று பேர் பெற்ற ஆனைமங்கலச் செப்பேட்டில், முதலாம் ராஜராஜன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்குக் கொடுத்த ஊருக்காகப் பட்டனக்கூற்றத்து நாட்டார் செய்தது இதுதான். அவன் மகன் ராஜேந்திரனின் கரந்தைச் செப்பேடு இன்னும் பெரிய காரியம். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களைச் சேர்த்து ஒரே ஊராக்கி, திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று பேரிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணருக்குக் கொடுத்தான். இன்றைய மாநகராட்சி விரிவாக்கக் கோப்புகள் இதற்குப் பக்கத்தில் நிற்கக் கூச்சப்பட வேண்டும்.

அந்த வாய்பாட்டில் பேசுகிறவர்கள் யார்? 'நாட்டோம்' என்கிறார்கள். வேறு சாசனங்களில் 'ஊரோம்', 'சபையோம்', 'நகரத்தோம்'. எல்லாம் 'ஓம்' ஈறு. இலக்கண வகுப்பில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று சொல்லித் தருவார்கள்: பேசுகிறவன் தன்னோடு மற்றவரையும் உட்படுத்திச் சொல்வது. பரீட்சைக்கு அது போதும். வரலாற்றுக்குப் போதாது. உட்படுத்தப்பட்ட அந்த மற்றவர் யார், யாருக்கு உள்ளே இடம் இல்லை என்ற கேள்வியை இலக்கண ஆசிரியர் கேட்பதில்லை. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் வரியிலா நிலங்களை ஒதுக்கும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று இடங்கள் குறிக்கப்படுகின்றன. அந்தச் சேரிகளில் இருந்தவர்கள் 'ஊரோம்' என்பதற்குள் இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. நிலம் உடையவர்களின் 'ஓம்' அது.

சரி, நிலம் உடைய அந்தப் பன்மையாவது அரசனுக்கு மறுப்புச் சொன்னதா? பிரதியில் இல்லை. மறுப்பு இல்லாமல் இருந்திருக்காது. ஐம்பது ஊரைக் கலைத்து ஒன்றாக்கும்போது நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் சும்மாவா இருந்திருப்பார்கள்? ஆனால் செப்பேடு என்பது சம்மதத்தைப் பதிவு செய்வதற்கென்றே உண்டான வடிவம். ஊரின் குரலில் பேசுகிறது. எழுத்து அரசனின் ஓலைநாயகத்துடையது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு தொடர் இன்னும் வெளிப்படை: முன்னுடையாரும் பழம்பேரும் தவிர்ந்து. முன்பு வைத்திருந்தவன் போனான், முன்பு இருந்த பேரும் போனது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். நிலத்தை எடுப்பதும் பேரை எடுப்பதும் ஒரே செயலின் இரண்டு பக்கம் என்று தெரிந்து எழுதியவன் அந்தக் கணக்கன். ராஜாவின் விருதுப்பேர் ஒன்றைத் தலையில் சுமக்கும் 'விக்கிரம' மங்கலத்தைப் போல, 'மங்கலம்' என்றும் 'புரம்' என்றும் முடியும் எத்தனையோ ஊர்ப்பெயர்களுக்கு அடியில் இந்தத் 'தவிர்ந்து' கிடக்கிறது.

நம் மேடைகளில் உள்ளாட்சி என்றதும் உத்திரமேரூரைக் கொண்டுவந்து நிறுத்துவது சம்பிரதாயம். 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகளைக் காட்டி, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நமக்கு ஜனநாயகம் இருந்தது என்பார்கள். வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ளவனுக்கே ஓலையில் பேர் என்ற தகுதி விதியை அநேகர் இப்போது எடுத்துச் சொல்கிறார்கள், நல்லது. அதே கல்வெட்டுகளில் இன்னொரு விஷயம் கவனிக்கப்படுவதில்லை. அந்த விதிகளைச் சபை தீர்மானித்தபோது முதலாம் பராந்தகனின் ஆணைப்படி அரச அதிகாரி ஒருவர் கூட இருந்தார். 'சபையோம்' என்று கையெழுத்திட்டவர்களின் எதிரே ராஜாவின் ஆள் உட்கார்ந்திருந்தான்.

*

மறுப்பின் பிரதி முழுக்கவே இல்லையா என்றால், உண்டு. தூரத்தில் தேட வேண்டியதில்லை, பெரம்பலூர்ப் பக்கத்து ஆடுதுறையிலேயே இருக்கிறது. (கும்பகோணம் பக்கத்து ஆடுதுறை வேறு. ரயிலில் போகிறவர்களுக்கு அதுதான் தெரியும்.) விஜயநகர ஆட்சி, 1429ஆம் ஆண்டு. ஆடுதுறையிலும் திருவைகாவூர், கொறுக்கை, எலவானாசூர் முதலிய ஊர்களிலும் ஒரே காலத்தில் ஒரே பிரச்சினைக்காகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அரசாங்க அதிகாரிகளும் நிலத்தில் காணியுரிமை கொண்ட பிராமணர், வேளாளரும் கைகோத்துக்கொண்டு வரியில் செய்த கொடுமை தாங்காமல், வலங்கை 98 சாதியாரும் இடங்கை 98 சாதியாரும் ஒன்றாகக் கூடுகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் தெருவுக்கும் கொடிக்கும் குடைக்கும் அடித்துக்கொண்டவர்கள் இவர்கள். கூடி, இன்னதுக்கு இவ்வளவுதான் கொடுப்போம், அதிகாரிகளுக்கு ஒத்தாசை செய்கிறவனை ஊரில் வைக்கமாட்டோம் என்கிற தோரணையில் கட்டுப்பாடு விதித்துக்கொள்கிறார்கள். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் இலக்கிய வரலாறுகளோ 15ஆம் நூற்றாண்டு என்றால் அருணகிரிநாதரோடு முடித்துக்கொள்கின்றன.

இந்தக் கல்வெட்டில் வேலை செய்யும் 'ஓம்' வேறு. செப்பேட்டின் 'நாட்டோம்' மேலிருந்து வந்த ஆணைக்குத் தலை கொடுத்த பன்மை. ஆடுதுறையில் திருமுகம் எதுவும் முன்னால் இல்லை; கூடிய கூட்டமே தன் பேச்சைத் தானே தொடங்குகிறது. இதிலும் எல்லாச் சாதியும் சமமாக நின்றார்கள் என்று சொல்லிப் புல்லரித்துக்கொள்ள மாட்டேன். 98 என்பதே ஒரு மரபு எண். ஆனாலும் பன்மையின் எல்லைக்கல்லைக் கொஞ்சம் தள்ளி நட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

*

வெள்ளைக்காரன் காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1884ஆம் ஆண்டுச் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என்று மூன்று அடுக்கு வைத்தது. 1920இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. 1934இல் தாலுகா போர்டுகள் அத்தனையும் கலைக்கப்பட்டு ஜில்லா போர்டுகளோடு சேர்க்கப்பட்டன. காரணம், வருமானம் போதவில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை என்பது. 2002இல் அரியலூரைப் பெரம்பலூரோடு சேர்த்தபோதும் அரசின் நிதிநிலைதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அதிகாரத்தைக் கீழே கொடுத்துவிட்டுக் காசை மேலே வைத்துக்கொண்டால் எந்த அடுக்கும் நஷ்டக் கணக்குத்தான் காட்டும். பிறகு அந்தக் கணக்கையே காட்டி அடுக்கைக் கலைக்கலாம். 1958ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது ஜில்லா போர்டுகளும் போயின, பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன.

*

அரசியல் நிர்ணய சபையில் நடந்தது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அலகாகக் கொள்ளாததற்காக வருத்தப்படவில்லை. கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் சாதியும் குடியிருக்கும் இடம் என்பது அவருடைய வாதம். சபையில் காந்தியவாதிகளுக்குக் கோபம் வந்தது. அதே நவம்பர் 22 அன்று, கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற திருத்தத்தை முன்மொழிந்தவர் தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர் கே. சந்தானம். அம்பேத்கர் அதிகம் பேசாமல் ஏற்றுக்கொண்டார். அது 40ஆம் உறுப்பு ஆனது. கட்டளை இல்லை, வழிகாட்டும் நெறி மட்டும்.

நாற்பத்து நாலு வருஷம் கழித்து 73ஆம் திருத்தம் வந்தது. ஊராட்சியின் காந்திய மீட்சி என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் 243ஆம் உறுப்பின் 'எ' பிரிவைப் படித்துப் பார்க்கலாம். கிராமம் என்றால் என்ன என்று அதில் வரையறை இருக்கிறது: ஆளுநர் பொது அறிவிக்கையின் மூலம் எதைக் கிராமம் என்று குறிப்பிடுகிறாரோ அது. அவ்வளவுதான். ஆயிரம் வருஷத்துக் குளம், கோயில், சுடுகாடு, சேரி, மந்தை எல்லாம் இருந்தும், அறிவிக்கை இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் ஊர் இல்லை. கூடவே வந்த 74ஆம் திருத்தத்தின் 243க்யூ உறுப்பு, எது நகரம் என்று ஆளுநர் எப்படித் தீர்மானிப்பார் என்று சொல்கிறது. மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளாட்சி வருமானம், விவசாயமல்லாத வேலையில் இருப்போர் சதவீதம், பொருளாதார முக்கியத்துவம், அவருக்குச் சரியென்று படும் பிற காரணங்கள். அங்கே இருக்கிறவர்களுடைய விருப்பம் என்பது இந்தப் பட்டியலில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. ராஜேந்திரனின் கணக்கன் இதைப் படித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்.

இவ்வளவு சொன்னபின், ஊரைக் காப்பாற்றுங்கள் என்று கொடி பிடிக்கத்தான் போகிறேன் என்று வாசகர் நினைக்கலாம். அம்பேத்கரின் வாதத்தை அப்படித் தாண்டிப் போக முடியாது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து மேலவளவில் 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006வரை ஒரு தலித்தைத் தலைவராக உட்கார விடவில்லை. அங்கெல்லாம் 'ஊர்' என்றே சொல்லிக்கொண்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு, ஊர் முடிவு, ஊர்ப் பொது. அந்த உளப்பாட்டில் சேரி இல்லை. சேரியில் இருக்கிறவன் நகராட்சியோடு சேர்ந்தால் நல்லதுதான் என்று நினைத்தால், பைப்பில் தண்ணீர் வரும், யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சாதியைத் தெரிந்துகொள்ளாத தெரு ஒன்று கிடைக்கும் என்று நினைத்தால், அவனுக்குப் புத்தி சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

ஆகவே ஊர் வேறு, ஊரின் சபை வேறு என்று பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது. இணைப்பில் ஊர் போவதைப் பற்றி எனக்குப் பெரிய துக்கம் இல்லை. போவது கிராமசபை. வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எவரும், நிலமோ படிப்போ இல்லாதவரும், தானே நேரில் உட்கார்ந்து கணக்குக் கேட்கச் சட்டம் இடம் கொடுத்த ஒரே அவை அது. நடப்பில் அங்கேயும் யார் நாற்காலியில் உட்காருவார், யார் தரையில் உட்காருவார் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் கால்வேலி நிலம் கேட்காத அவை. நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை கூட்டுகிறார்கள். அதில் பிரதிநிதி என்று இருப்பவர் நியமனம் பெற்றவர். கிராமசபைக்குள்ள அதிகாரத்தின் நிழல்கூட அதற்கு விழவில்லை.

*

ஜப்பானில் ஒரு சின்ன ஊர். ஃபுகுஷிமா மாநிலத்தில் யமட்சுரி, ஏழாயிரம் பேர் அளவில் இருந்த ஊர். 1999இலிருந்து அந்த நாட்டு அரசு உள்ளாட்சிகளை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லிப் பணத்தையும் காட்டி நெருக்கியது. 3,232ஆக இருந்த உள்ளாட்சிகள் 2010 மார்ச்சில் 1,727ஆகச் சுருங்கின. நடுவில், 2001 அக்டோபர் 31 அன்று, யமட்சுரியின் மன்றம் கூடி, நாங்கள் எந்த ஊரோடும் சேரமாட்டோம் என்று ஏகமனதாகப் பிரகடனம் செய்தது. 1950களில் நடந்த பெரிய இணைப்பில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை என்றும் அதில் எழுதினார்கள். பிரகடனம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஆட்களைக் குறைத்தார்கள். பின்னால் மன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளத்தை எடுத்துவிட்டு, கூட்டத்துக்கு வந்த நாளைக்கு மட்டும் படி என்று மாற்றினார்கள். நூலகம் கட்டக் காசில்லாமல், நாடு முழுக்க ஜனங்கள் இலவசமாக அனுப்பிய புத்தகங்களைக் கொண்டு 2007இல் ஒரு நூலகம் திறந்தார்கள். ஊர் சேர்க்கப்படவில்லை. ஜப்பானியச் சட்டத்தில் இணைப்புக்கு அந்தந்த ஊர் மன்றத்தின் தீர்மானம் வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு நிற்கக் கிடைத்த தரை. அந்தத் தரை நம் காலுக்கு அடியில் இல்லை.

*

2025 பிறந்த சமயத்தில் தமிழ்நாடு அரசு 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள், 16 மாநகராட்சிகளுக்கும் 41 நகராட்சிகளுக்கும் விரிவாக்கம் என்று அறிவித்தது. நூற்றுக்கணக்கான ஊராட்சிகள் நகரங்களுக்குள் போகும் ஏற்பாடு. தேதியைப் பாருங்கள். ஜனவரி 5 அன்று, அரியலூர், பெரம்பலூர் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வைக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆட்சேபணை சொல்ல அவகாசம் இருக்கிறது என்று சொல்லப்பட்ட நாட்களில் ஆட்சேபிக்க வேண்டிய மன்றம் இல்லை. யோசித்துச் செய்தார்களா, தற்செயலாக அமைந்ததா என்று ஆராய்வதில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டிலும் விளைவு ஒன்றுதான்.

ஜனங்கள் தெருவில் சொன்னார்கள். திருச்சி மாநகராட்சியோடு சேர்க்கப்படவிருந்த அதவத்தூரில் சாலையில் உட்கார்ந்தார்கள். மாவட்டந்தோறும் கலெக்டர் அலுவலகங்களுக்கு டிராக்டரிலும் வேனிலும் வந்து மனுக் கொடுத்தார்கள். பெண்கள்தான் அதிகம். அவர்கள் மரபு, பண்பாடு என்றெல்லாம் பேசவில்லை. நூறு நாள் வேலை போய்விடும் என்றார்கள். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் கிராமத்துக்கு மட்டுமானதாக இருந்தது. வீட்டு வரி ஏறும் என்றார்கள். தண்ணி வரி ஏறும் என்றார்கள்.

இதே வாரங்களில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மேலூர் வட்டாரத்து அரிட்டாபட்டியிலும் சுற்று ஊர்களிலும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2024 நவம்பரில் கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமே அதை வழிமொழிவதுபோல ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. டெல்லிக்கு எதிராகச் சொல்லும்போது கிராமசபையின் 'வேண்டாம்' மக்களின் குரல். சென்னைக்கு எதிராகச் சொன்னால் அது உள்ளூர் அரசியல், யாரோ தூண்டிவிட்டது. மேலவளவும் அரிட்டாபட்டியும் ஒரே மேலூர்ப் பக்கம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1997இல் ஒரு தலித் தலைவரை வெட்டிய 'ஊர்' என்ற சொல்லும், 2024இல் மலையைக் காப்பாற்றிய 'ஊர்' என்ற சொல்லும் அகராதியில் ஒரே பதிவுதான்.

ரத்தான மூன்றாம் நாள், ஜனவரி 26. குடியரசு தினக் கிராமசபை. இணைப்புப் பட்டியலில் இருந்த பல ஊர்களில் எதிர்ப்புத் தீர்மானம் போடச் சொல்லி ஜனங்கள் எழுந்தார்கள். தனி அலுவலர் ஆட்சி என்பதால், தீர்மானப் புத்தகமும் பேனாவும் அரசு ஊழியர் கையில். அந்த ஊழியரின் அரசு எடுத்த முடிவுக்கு எதிராகத்தான் அதில் எழுத வேண்டும். உத்திரமேரூரில் ராஜாவின் ஆள் எதிரே உட்கார்ந்திருந்தான். இங்கே அவனே எழுத்தர்.

இந்தப் புத்தகங்களின் தமிழைக் கவனித்திருக்கிறீர்களா? எங்கும் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது', 'கோரிக்கை பதிவு செய்யப்பட்டது', 'மேல்நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கப்பட்டது'. செயப்பாட்டு வினை, எழுவாய் இல்லை. பொய்யாகவோ மெய்யாகவோ செப்பேட்டில் இருந்த 'ஓம்', மக்களாட்சியின் பதிவேட்டில் கழன்று விழுந்துவிட்டது. சேரமாட்டோம் என்று மைக்கில் சொன்ன வார்த்தை, புத்தகத்தில் ஏறும்போது, சேர்க்க வேண்டாம் எனக் கோரப்பட்டது என்றாகிவிடுகிறது. யார் சொன்னார்கள் என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் வருகைப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அதில் வரிசையாகக் கையெழுத்துகளும், பாதிக்குமேல் இடது பெருவிரல் ரேகைகளும் இருக்கின்றன.